பகல் தூக்கம்

அடுத்தவர் வீட்டுத் தண்ணீரை எட்டிப் பார்ப்பதுதான் எட்டு வருஷமாக என் வேலை. சேரப்பணஞ்சேரி ஊராட்சியில் கொசுப்புழு தேடுகிற பெண்கள் நாங்கள் நான்கு பேர். அதில் வாய் நீளம் எனக்குத்தான். டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பேன். புழு நெளிந்தால் அது யார் வீடாக இருந்தாலும் அங்கேயே கவிழ்த்துவிடுவேன். "ரூத்து வராடி" என்று பெண்கள் அவசர அவசரமாகக் குடத்தை மூடுவார்கள் என்று தெரியும். அதனால்தான் சத்தம் போடாமல் பின்பக்கமாகப் போவேன்.

போகிற வீட்டிலெல்லாம் ஒரே பாட்டு. இது சாக்கடைக் கொசு இல்லை, நல்ல தண்ணீரில் வளர்கிற கொசு, பகலில் கடிக்கும். ஒரு நாளைக்கு ஐம்பது வீடு, ஐம்பது தடவை. ஜெபமாலை சொல்லும்போது சில நாள் வாய் மட்டும் ஜெபிக்கும், மனசு அடுப்பில் வைத்த குழம்பைச் சுற்றும். அப்படித்தான் இதையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு மாசத்துக்குள் ஐந்து பேருக்கு டெங்கு. முதல் நான்கு பேரும் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் சின்னப்பொண்ணு நடத்துகிற லேடீஸ் ஹாஸ்டல் பெண்கள். ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற முப்பது பேர் அங்கே தங்கியிருக்கிறார்கள். முதலில் படுத்தவள் ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பியவள்.

மூன்று தடவை அந்த ஹாஸ்டலைத் தலைகீழாகப் புரட்டினேன். தொட்டி சுத்தம், டிரம் சுத்தம், மொட்டை மாடியில் ஒரு கொட்டாங்குச்சிகூட இல்லை. அப்படியும் நான் விடவில்லை. எங்கேயோ தண்ணீரை மறைத்து வைத்திருக்கிறாய் என்று நடுத்தெருவில் நின்று சின்னப்பொண்ணுவைப் பார்த்துக் கத்தினேன். நோட்டீஸ் கொடுத்தேன். இன்னொரு கேஸ் வந்தால் ஹாஸ்டலைப் பூட்டச் சொல்லி எழுதுவேன் என்றும் மிரட்டினேன்.

அடுத்த கேஸ் என் மகள் ஷாலின்.

அவளுக்கு இருபத்திரண்டு வயசு. காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் லைனில் நிற்கிறாள். அவள் அப்பா போனதிலிருந்து எனக்கு அவள், அவளுக்கு நான், வேறு யாரும் இல்லை. நாலு நாள் அனலாகக் கொதித்தவளுக்கு ஐந்தாம் நாள் காலை ஆஸ்பத்திரியில் உடம்பு ஜில்லென்று ஆனது. நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். டாக்டர் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. இந்த நோயில் காய்ச்சல் இறங்குகிற இரண்டு நாள்தான் பயம், ரத்தக் குழாய் கசிந்து உள்ளே இருக்கிற நீர் வெளியேறும், அதைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்றார். லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய ரத்தத் தட்டணு அவளுக்குப் பதினெட்டாயிரம்தான் இருந்தது.

எட்டு வருஷம் இந்த நோயோடு குடித்தனம் நடத்தியவள் நான். நெருப்பு அணைந்த பிறகு வீடு எரியும் என்று யாராவது சொன்னால் சிரித்திருப்பேன். அன்று அந்தக் கட்டில் ஓரத்தில் சிரிப்பு வரவில்லை.

காலை பதினொரு மணி இருக்கும். இசைவாணி என்கிற நர்ஸ் வந்து ஷாலின் கட்டிலைச் சுற்றிக் கொசுவலையைக் கட்டினாள். வெளியே வெயில் பளீரென்று அடிக்கிறது, மேலே ஃபேன் ஓடுகிறது. பட்டப்பகலில் வலை எதற்கு என்று கேட்டேன்.

"இன்னாம்மா, நீங்களே டெங்கு டூட்டின்றீங்க," என்றாள் அவள். "பகல்ல கடிக்கிற கொசுவுக்கு ராத்திரி கட்டி இன்னா பிரயோஜனம்? உங்க பொண்ண கடிச்சிட்டு அடுத்த பெட்டுக்குப் போனா அதுக்கும்தானே வரும்?"

அவள் போய்விட்டாள். என் பாட்டை முதல் தடவையாக என் காது கேட்டது.

ஷாலினுக்கு அந்த மாசம் நைட் ஷிஃப்ட். அவள் கம்பெனியில் மாசத்துக்கு ஒரு தடவைதான் ஷிஃப்ட் மாறும். காலை ஏழரைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி வருவாள். அதற்குள் நான் ராத்திரி வலையை அவிழ்த்து, மடித்து, பீரோ மேல் வைத்துவிட்டுக் கட்டிலை அவளுக்குத் தயார் பண்ணுவேன். வெளிச்சம் வராமல் ஜன்னலைச் சாத்துவேன், திரையை இழுப்பேன். இருட்டில் மூன்று மணி வரை அவள் அசந்து தூங்குவாள். கொசுவலை என்பது எங்கள் வீட்டில் ராத்திரி சாமான். எங்கள் வீட்டில் மட்டுமா, இந்த ஊரில் எந்த வீட்டில் காலையில் வலை கட்டுகிறார்கள்?

ஹாஸ்டல் பெண்கள் நான்கு பேரையும் மனசில் ஓட்டிப் பார்த்தேன். நான்கு பேரும் நைட் ஷிஃப்ட். ஊரில் வாங்கி வந்த முதல் பெண்ணைத் தவிர மற்றவர்களுக்குப் பகல் தூக்கத்தில்தான் வந்திருக்க வேண்டும். பகல் ஷிஃப்ட் பெண்கள் கொசு கடிக்கிற நேரத்தில் ஏசி போட்ட கம்பெனி ஹாலுக்குள் இருந்திருக்கிறார்கள். ஒரே ஹாஸ்டல், ஒரே தண்ணீர், ஒரே சாப்பாடு. ஆனால் காய்ச்சல் பேர் பார்த்து, ஷிஃப்ட் பார்த்து வந்திருக்கிறது. இத்துனூண்டு பூச்சி. இந்த ஊரின் வேலை நேரத்தையே அது படித்து வைத்திருந்தது. பயத்தையும் மீறி எனக்குப் பிரமிப்பாக இருந்தது. கோயிலில் மண்டியிடும்போது வருமே, அந்த மாதிரி.

மாற்றுத் துணி எடுக்க மறுநாள் காலை வீட்டுக்குப் போனேன். துணி எடுக்கவில்லை. ஷாலின் தூங்குகிற மாதிரியே ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, அவள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்காது. சத்தமே இல்லாமல் கணுக்காலில் ஒன்று வந்து உட்கார்ந்தது. கருப்புக் காலில் வெள்ளை வளையம். அடிக்கவில்லை. எங்கிருந்து அடுத்தது வருகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மூலையில் பழைய சேலை போர்த்தி வைத்திருந்த ஏர் கூலருக்குப் பின்னாலிருந்து வந்தது.

அந்தக் கூலரை மே மாசம் நான்தான் வாங்கினேன், அப்போதும் அவளுக்கு நைட் ஷிஃப்ட். எங்களுடையது ஷீட் போட்ட வீடு. பகலில் அடுப்பு மேல் படுத்த மாதிரி காயும். பிள்ளை தூங்காமல் புரளுவதைப் பார்க்கச் சகிக்காமல் படப்பையிலிருந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஆடி மழையில் தண்ணீரைச் சாய்த்துவிட்டுக் காய வைத்தேன். புரட்டாசி வெயிலுக்கு மறுபடி தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் ஓட்டினேன். பிறகு மழை பிடிக்கவும் சேலையைப் போர்த்தி மூலையில் தள்ளினேன். என் படிவத்தில் டிரம், தொட்டி, டயர், ஆட்டுக்கல், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. கூலருக்குக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததை என் கண் பார்க்கவே இல்லை.

சேலையை விலக்கி டார்ச் அடித்தேன். அடியில் நாலு விரல் தண்ணீர். வெளிச்சம் பட்டதும் நூறு இருநூறு புழுக்கள் ஒரே சமயத்தில் வளைந்து நெளிந்து ஆழத்துக்கு ஓடின.

சுகாதார ஆய்வாளர் வசந்தகுமாரைக் கூப்பிட்டேன். வயசில் சின்னவர், படித்தவர். தொட்டிச் சுவரில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே கரித்தூள் மாதிரி ஒட்டியிருந்ததை விரலால் காட்டினார். எல்லாம் முட்டை. ஆடியில் நான் காய வைத்தபோது சாகாமல் ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் மாசக் கணக்கில் அது தண்ணீருக்குக் காத்திருக்குமாம். அதைப் பொரிய வைத்தது புரட்டாசியில் நான் ஊற்றிய ஒரு பக்கெட். பொரிந்து பறந்தவை சுவர் தாண்டிப் போய், ஊரிலிருந்து காய்ச்சலோடு வந்த பெண்ணைக் கடித்திருக்கின்றன. அவள் ரத்தத்தோடு போன கிருமி கொசுவின் வயிற்றிலேயே பத்து நாள் பெருகி எச்சிலுக்கு ஏறியிருக்கிறது. அப்புறம் பக்கத்துக் கட்டில், அதற்குப் பக்கத்துக் கட்டில், என் மகள். எவ்வளவு பொறுமை, எவ்வளவு கணக்கு! எட்டு வருஷம் இதைப் பூச்சி என்று நினைத்து நசுக்கிக்கொண்டிருந்தேனே என்று இருந்தது.

வசந்தகுமார் தயங்கினார். டிபார்ட்மெண்ட் ஆள் வீடு என்று எழுத வேண்டுமா, தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போகலாமே என்றார்.

"எழுதுங்க சார்," என்றேன். "கதவு நம்பரோட எழுதுங்க. கூலருக்கும் ஒரு கட்டம் போடச் சொல்லி எழுதுங்க."

தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, கொதிக்கிற தண்ணீர் ஊற்றிவிட்டு, நேராக சின்னப்பொண்ணுவிடம் போனேன். உன் ஹாஸ்டலில் ஒன்றும் இல்லை, எல்லாம் என் வீட்டிலிருந்து வந்தது, நோட்டீஸ் எனக்குத்தான் வந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். அவள் திட்டவில்லை.

"பொண்ணு எப்டி கீதுக்கா?" என்றாள். "வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கினு கீறேன். வலைய எத்தினி மணிக்குக் கட்டணும், அத சொல்லு."

மத்தியானத்துக்குள் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிற பெண்கள் எல்லோருக்கும் வலை கட்டினோம். ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை. அவ்வளவு அசதி.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தட்டணு இருபத்திரண்டாயிரம். முதல் தடவையாக ஏறியிருக்கிறது, கசிவும் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். ஷாலின் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள். இரண்டு வாய் ஊட்டியதுமே எனக்கு அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கூலர் வாங்கியது நான், ஜன்னலைச் சாத்தியது நான், வலையை அவிழ்த்தது நான், உன்னை நானே கொசுவுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

அவள் ஊசி குத்தியிருந்த கையை மெதுவாக வலைக்கு வெளியே நீட்டினாள்.

"மே மாசம் மெஷின்ல இந்தக் கை போயிருக்கும்மா," என்றாள். "மூணு நாளா தூக்கமே இல்ல, நின்னுக்கினே தூங்கிட்டேன். பக்கத்துல நின்ன பொண்ணு இழுத்து வுட்டா. உன்கிட்ட சொல்லல. மறுநாள் நீ கூலரோட வந்து நின்ன."

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து விரலும் இருந்தன.