பத்தாயிரம் அல்லது ஒரு வருஷம்

காருக்கு ஆயில் மாற்றும்போதெல்லாம் அந்த வீட்டில் ஒருவரையும் மாற்ற வேண்டும். பாளையங்கோட்டையில் கார் வைத்திருந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். தேவவரம் வீட்டில் முன்பு அவர் மனைவி மாறினாள், அதற்கடுத்து மகன். புதிதாக வந்தவர்களும் நல்லவர்களே. புது மனைவி சாம்பாரில் காரம் கொஞ்சம் கூடப் போட்டாள். புது மகனுக்கு இடது கைப் பழக்கம். பழைய செருப்புகள் இருவருக்கும் சரியாக இருந்தன.

தேவவரத்துக்கு மிஞ்சியிருந்தவள் மகள் ஜெமிமாதான். பதினோரு வயது. அவளையாவது காப்பாற்ற நினைத்து, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு வரும் சாதாரண ஆயிலை விட்டுவிட்டு, பத்தாயிரம் தாங்கும் விலை கூடின ஆயிலை ஊற்றினார். ஒன்பதாயிரத்து எழுநூறு ஆனதும் காரை எடுப்பதையே நிறுத்தினார். ஆபீசுக்குப் பஸ்ஸில் போனார். காரைத் தார்ப்பாய் போட்டு மூடினார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஒர்க்‌ஷாப் இசக்கி அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சார், வருஷம் ஆயிட்டுல்லா."

"ஓட்டவே இல்லையே அண்ணாச்சி. இன்னும் முந்நூறு கிலோமீட்டர் கெடக்கு."

"ஓடுனா பத்தாயிரம், ஓடாட்டி ஒரு வருஷம். எது முந்துதோ அதுதான். சும்மா நின்னாலும் ஆயில் கெட்டுப்போவும் சார்."

அது உண்மைதான். தேவவரம் சாவியை எடுத்தார்.

ஒர்க்‌ஷாப்பில் காரைக் குழிமேல் நிறுத்தினார்கள். ஜெமிமா பின்சீட்டில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தேவவரம் இசக்கியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"என்னைய மாத்திருங்க அண்ணாச்சி. பிள்ளை இருக்கட்டும்."

இசக்கி கையைத் துடைத்துக்கொண்டு சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினார்.

"மொத சர்வீஸ்லயே உங்களைத்தான சார் மாத்துனோம். ஒரு ஆளை ரெண்டு தடவை மாத்த முடியாது."

ஜெமிமா பிறந்த ஆஸ்பத்திரி எது என்று தேவவரம் யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. அவள் பிறந்த அன்று மழையா வெயிலா என்று யோசித்தார். அதுவும் வரவில்லை. அங்கிருந்த டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஆயில் கறுப்பாகச் சட்டியில் இறங்கியது. ஜெமிமா நோட்டை மூடி சீட்டில் வைத்துவிட்டு, பையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"ரெண்டு கணக்கு பாக்கி இருக்குப்பா. வர்றவள போடச் சொல்லுங்க."

"தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியாம்மா?"

"எடுத்துக்கிட்டேன்."

அவள் கேட்டைத் தாண்டி நடந்தாள். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் அவள் தெருவில் திரும்பிவிட்டாள்.

புது ஆயில் ஊற்றி முடிந்ததும், புது ஜெமிமா ஏறி உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். தேவவரம் காரை எடுத்தார். முக்கு சிக்னலில் சிவப்பு விழுந்தது. எதிரே பஸ் ஸ்டாப்பில் அவருடைய பழைய மனைவியும் பழைய மகனும் நின்றார்கள். பழைய ஜெமிமா ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்துகொண்டாள். தேவவரத்தின் முகஜாடையில் இருந்த ஒருவர் அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டினார். பஸ் வந்தது. நான்கு பேரும் ஏறிக்கொண்டார்கள்.

பச்சை விழுந்தது. என்ஜின் சத்தமே இல்லாமல் ஓடியது.