உருளைக்கிழங்கு பதினேழு, பீட்ரூட் பத்து

நர்ஸ் மரூத்தா கொடுத்த தாளை விதோல்ட்ஸ் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தார். இடப்பக்கம் உருளைக்கிழங்கு, வலப்பக்கம் பீட்ரூட். நூறு கிராமுக்கு மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்த்து அங்கே பதினேழு, இங்கே பத்து. நார்ச்சத்து பீட்ரூட்டில் கொஞ்சம் கூடுதல், ஃபோலேட் பல மடங்கு. வைட்டமின் சி மட்டும் உருளைக்கிழங்கின் பக்கம். நாக்கில் இனிக்கிறது நல்லதாம், இனிக்காததுதான் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறதாம். இது என்ன கூத்து என்று நினைத்துக்கொண்டார்.

மரூத்தா உருளைக்கிழங்கைக் குறைத்துக்கொள்ளத்தான் சொன்னாள். ஆனால் எதையும் பாதியாகச் செய்கிற பழக்கம் இவருக்குக் கிடையாது. நாற்பது வருஷமாக உருளைக்கிழங்கு விளைந்த கொல்லை முழுவதும் மே மாதம் பீட்ரூட் விதைத்துவிட்டார். பக்கத்துப் பண்ணை அந்தோன்ஸ் வேலியில் சாய்ந்தபடி, "அப்ப இந்த வருஷம் எங்க முதுகுக்கெல்லாம் லீவுன்னு சொல்லு" என்றார். விதோல்ட்ஸும் சிரித்தார். அப்போது உறைக்கவில்லை.

மனைவி லியோன்தீனே போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகள் அயர்லாந்தில். ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்காத அந்த வீடு வருஷத்தில் ஒரே ஒரு நாள் நிறையும். அது செப்டம்பரில் ஊர் கூடிக் கிழங்கு எடுக்கும் தால்கா நாள். அந்தோன்ஸின் டிராக்டர் மண்ணைப் புரட்டிக்கொண்டே போக, பின்னால் பன்னிரண்டு பேர் குனிந்து கிழங்கு பொறுக்குவார்கள். பிறகு எல்லோரும் இவர் மேஜையில். அந்த ஒரு சாப்பாட்டுக்காக மூன்று நாள் முன்னாலேயே அடுப்பு மூட்டுவார். மறுநாள் எச்சில் தட்டுகளைக் கழுவுவதுகூட அவருக்குச் சந்தோஷம்தான்.

இந்தச் செப்டம்பரிலும் டிராக்டர் சத்தம் கேட்டது, அந்தோன்ஸின் மேட்டு நிலத்தில். இவரை யாரும் கூப்பிடவில்லை. உன் கிழங்கை நான் எடுத்தால் என் கிழங்கை நீ எடுக்க வேண்டும், அதுதான் தால்கா. கொல்லையில் கிழங்கே இல்லாத ஆளைக் கூப்பிட்டால் சும்மா வேலை வாங்கியதாகிவிடும். அதை அந்த ஊரில் யாரும் செய்யமாட்டார்கள். அது மரியாதை என்று இவருக்கும் தெரியும். அந்த மரியாதைதான் வலித்தது.

மனசு கேட்கவில்லை. வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டு நிலத்து ஓரமாக மெதுவாக நடந்தார். பெண்கள் கையசைத்தார்கள். சர்க்கரை எப்படி இருக்கிறது என்று அந்தோன்ஸின் அக்கா விசாரித்தாள். இறங்கி வா என்று யாரும் சொல்லவில்லை.

திரும்பி வந்து பீட்ரூட்டைப் பிடுங்கினார். அதற்கு டிராக்டர் வேண்டாம், ஆள் வேண்டாம். இலையைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். பிற்பகலுக்குள் கொல்லை காலி. சிவந்த கையோடு நின்றபடியே கொஞ்சம் சூப் குடித்தார்.

அக்டோபரில் மரூத்தா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பூரித்துப்போனாள். "இப்படியே இருங்க ஐயா, ஒண்ணையும் மாத்திடாதீங்க" என்றாள். தலையாட்டினார். அங்கிருந்து நேராக அந்தோன்ஸ் வீட்டுக்குப் போய், வசந்தத்துக்கு மூன்று மூட்டை விதைக்கிழங்கு வேண்டும் என்று கேட்டார்.

"நீதான் திங்கக்கூடாதேப்பா?"

"திங்கறதுக்கு யாரு கேட்டா? தோண்டறதுக்குத்தான்."

அந்தோன்ஸ் புரியாமல் பார்த்தார்.

"நீங்கல்லாம் வந்து தோண்டுங்க. எங்க வீட்டுல சாப்பிடுங்க. போறப்ப கிழங்கை நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. எனக்கு ஒண்ணுகூட வேணாம்."

அந்தோன்ஸ் விளக்கை எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கி, நல்ல கிழங்காகப் பார்த்துத் தனியே எடுத்து வைக்கத் தொடங்கினார். விதோல்ட்ஸ் வாசலில் நின்று விரல்விட்டு எண்ணினார். செப்டம்பருக்கு இன்னும் பதினோரு மாதம் இருந்தது.