கோணலாக ஒரு நாற்காலி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மசத்தேபே ஊரில் தச்சன் எவெலியோவின் பட்டறைக்கு ஆடுநாற்காலி வாங்கத்தான் போனேன். மூலையில் கிடந்த ஒன்றில் உட்காரப் போனபோது, "அதுல வேணாம்ணே!" என்று கத்தினான். அங்கேதான் கதை என்னைப் பிடித்தது.

'நான்கு தலைமுறைகளாக அந்தக் குடும்பம் மரத்தோடு...' என்று எழுதத் தொடங்கி, அடித்துவிட்டேன். பொய்யில்லை. அந்த வீட்டில் ஆண்கள் நாற்காலிக்கு மரச்சட்டம் செய்வார்கள், பெண்கள் பிரம்பு பின்னுவார்கள். ஆனால் கதை எவெலியோவின் அம்மா ஓத்திலியாவுடையது.

2

பக்கவாதத்தில் ஓத்திலியாவின் இடப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. எந்த நாற்காலியில் வைத்தாலும் சரிந்தாள். துணியால் கட்டி உட்காரவைத்தார்கள். எவெலியோவுக்கு அது பொறுக்கவில்லை. அம்மா சரிகிற வாகுக்கே ஓர் ஆடுநாற்காலி செய்தான். இடக் கைப்பிடி உயரம், முதுகுச் சாய்வில் ஒரு திருகல். (இங்கே 'அன்பு' என்று எழுதியிருந்தேன். அவன் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. எடுத்துவிட்டேன்.)

"யாருக்குடா இது?"

"உனக்குத்தாம்மா. கட்டாமலே உக்காரலாம்."

"என் கோணலை அப்படியே மரத்துல செஞ்சு வச்சிருக்கியா? ஊர்ல பாக்காதவன் எவனாவது இருந்தா, கூப்பிட்டுக் காட்டு."

"ஒரு தடவை உக்காந்து பாரேம்மா."

"உங்கப்பன் செஞ்ச எந்த நாற்காலியும் என்னை நொண்டின்னு சொல்லலடா."

3

அவள் அதில் உட்காரவே இல்லை. (யாரும் பார்க்கவில்லை என்பதே சரி.) நாற்காலி அவள் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவே கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போயிருந்தார்கள். திரும்பியபோது எவெலியோதான் முதலில் உள்ளே போனான். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையில், தரையில், அம்மா இறந்து கிடந்தாள். மற்றவர்கள் வருவதற்குள் தூக்கிக் கட்டிலில் கிடத்திவிட்டான்.

அடக்கத்துக்குக் கோஸ்தா ரிக்காவிலிருந்து அக்கா சொராய்தா வந்தாள். அம்மா கிடந்த இடத்தை எவெலியோ அவளிடம் சொன்னான்.

"வாசலுக்குத்தான் போயிருப்பா, உங்களைக் கூப்பிட. தனியா விட்டுட்டுப் போனீங்கல்ல? வழியை மறிச்சுக் கிடந்த இந்தச் சனியனை ஒடிச்சு அடுப்புல வைடா."

"ஒடிக்க மாட்டேன்."

"அப்ப நீயே உக்காரு."

உட்கார்ந்தான். நேரான உடம்பு அதில் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போயிற்று. எழுந்து வெளியே போய்விட்டான்.

(சொராய்தாவைக் கொடுமைக்காரி ஆக்கிவிட்டேனோ? அவள் அழுத அழுகையை நான் எழுதவில்லை.)

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஓத்திலியா மகனை மன்னித்து நாற்காலியை நோக்கிப் போகும்போது விழுகிறாள். அழகாக வந்தது, அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றில், ஆளில்லாத வீட்டில் அந்த நாற்காலியில் ஆசைதீர ஆடிவிட்டு, பூசை முடிந்த மணி கேட்டதும் யாரிடமும் பிடிபடாமலிருக்கக் கட்டிலுக்குத் திரும்பும்போது விழுகிறாள். அவளுடைய வீம்புக்கு இதுதான் பொருந்தும். ஆனால் இதில் அந்த வீம்பே அவளைக் கொல்கிறது.

இரண்டையும் எவெலியோவிடம் படித்துக் காட்டினேன். இழைப்பதை நிறுத்தாமல் கேட்டான்.

"இதுல எதுண்ணே நிஜம்?"

"தெரியலப்பா."

"அம்மா முகம் கட்டில் பக்கமா, நாற்காலிப் பக்கமா, எந்தப் பக்கம் திரும்பி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அக்காகிட்டயே சொல்லல. உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஆகவே என் கடைசி வாக்கியம், 'ஓத்திலியாவின் முகம்...' என்பதோடு நிற்கிறது. நீங்கள் முடித்துக்கொள்ளலாம். அவன் காதில் மட்டும் போட வேண்டாம்.