பத்தொன்பது நிமிடம்

என் அப்பா மாட்டுத் தரகர். துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்தே விலை பேசியவர். முதலில் சொல்லும் விலையைச் சந்தையில் யாரும் விலையாக எடுத்துக்கொள்வதில்லை. எதிராளி பாதியிலிருந்து ஆரம்பிப்பான், நடுவில் எங்காவது சந்தித்து இருவரும் டீ குடிக்கப் போவார்கள். சேலத்துக் கடையில் இருபத்திரண்டு வருடமாகப் பட்டுச்சேலை விற்கும் எனக்கும் உலகம் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

ஆவணியில் முதுகில் டிஸ்க் நகர்ந்து, இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்களே அந்தக் காப்பீட்டில், உடம்பு முடியாத நாட்களுக்குப் பணம் உண்டு. எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு. ஆறு வாரத்துக்கு அந்தப் பணம், தீபாவளிக்கு முன் என் பட்டு கவுண்டர்.

காப்பீட்டு ஆபீஸில் டாக்டர் அறிவுச்செல்வி என்று ஒரு அம்மா. யாருக்கு எத்தனை நாள் என்று முடிவு செய்வது அவர்தான். எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று கேட்டார். இரண்டு நிமிடம் என்றேன். அவர் அரை மணி என்பார், கடைசியில் கால் மணியில் சந்திக்கலாம் என்பது என் கணக்கு. அவர் இரண்டு என்று எழுதினார். எவ்வளவு எடை தூக்க முடியும் என்றார். ஒரு சேலை என்றேன். அதையும் எழுதினார். எழுதி முடித்துச் சீல் அடித்துக் கையில் கொடுத்தபோதுதான், இந்த அம்மாவுக்குப் பேரமே தெரியாது என்பது எனக்கு உறைத்தது.

அந்தத் தாளைக் கடையில் கொடுக்க வேண்டும். முதலாளி பாலசுந்தரம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"மோகனு, ரெண்டு நிமிசம் நிக்கற ஆளை வெச்சுக்கிட்டு, ரெண்டு நிமிசத்துல சேலை எடுக்கற பொம்பளைய நான் எங்க போயித் தேடறது?"

தீபாவளிக்கு ரெடிமேட் பக்கமிருந்து கவினைப் பட்டு கவுண்டருக்கு மாற்றப்போவதாகவும், அப்புறம் எனக்கு இடம் இருக்குமா என்று பார்க்கலாம் என்றும் சொன்னார். அது சும்மா ஆரம்ப விலைதானுங்க என்று விளக்கினேன். அவரும் வியாபாரி, உடனே பிடித்துக்கொண்டார். "எனக்குப் புரியுது. சீலுக்குப் புரியோணுமே" என்றார்.

வீட்டில் மனைவி ஜெயப்பிரியா முழுக்கதையும் கேட்டுவிட்டு, "ஏனுங்க, டாக்டரம்மாகிட்டயுமா சேலை விப்பீங்க?" என்று கேட்டாள். உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலையுங்கள் என்றாள். சொல்லலாம். உள்ளது எவ்வளவு என்று எனக்கே தெரியாதே.

மூன்று வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை எட்டு மணி நேரம் நிற்பேன் என்றேன். நாலுக்கு இறக்குவார் என்று நினைத்தேன். அந்த அம்மா பழைய தாளை எடுத்துப் புதுத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அப்ப ரெண்டு நிமிசம், இப்ப எட்டு மணி நேரமுங்களா? எந்த ஊர் வைத்தியருங்க?"

பிறகு பொறுமையாக விளக்கினார். எட்டு மணி நேரம் என்றால் எனக்கு உடம்பு சரியாகிவிட்டது, பணம் இன்றோடு நிற்கும், நாளைக்கே கவுண்டரில் நிற்க வேண்டும். இரண்டு நிமிடம் என்றால் இந்த வேலைக்கே நான் லாயக்கு இல்லையா என்று மேலே கேட்டு எழுதுவார்கள். இரண்டு வழியும் நான் போக விரும்பாத ஊருக்கே போயின. நடுவில் ஒன்றும் கிடையாதா என்றேன்.

"நடுவுல உங்க காலு இருக்குது. நில்லுங்க, பாக்கலாம்."

மேசைக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு, செல்போனில் நேரத்தைத் தட்டிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நின்றேன். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பத்தாவது நிமிடத்தில் இடது குதிகாலில் எறும்பு ஊர்ந்தது. இப்போது விழுவதா, நிற்பதா? விழுந்தால் கவுண்டர் போகும், நின்றால் பணம் போகும். எந்தப் பக்கம் இழுத்தால் எனக்கு லாபம் என்று தெரியாமல் நான் பேரத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. கடையில் செய்வதுபோல் பாரத்தை வலது காலுக்கு மாற்றி, இடுப்பை மேசை விளிம்பில் லேசாக வைத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வாடிக்கையாளர்கூடக் கண்டுபிடிக்காத வித்தை அது.

"மேசையில சாயாதீங்க" என்றார், எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

சாயாமல் நின்றேன். எறும்பு நின்றுபோனது. வலியும் இல்லை. பரவாயில்லையே, எட்டு மணி நேரம் நின்றுவிடுவேன் போலிருக்கிறதே என்று எனக்கே தோன்றிய நேரத்தில் அவர் நிமிர்ந்து என் காலைப் பார்த்தார்.

"செருப்பு கழண்டு ஒரு நிமிசமாச்சுங்க. தெரியலைங்களா?"

குனிந்தேன். இடது செருப்பு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. வெறுங்கால் சிமெண்டுத் தரையில் இருந்தது. தரை குளிர்கிறதா, சுடுகிறதா, எனக்குத் தெரியவில்லை.

உட்காரச் சொல்லிவிட்டு, பத்தொன்பது என்று எழுதினார். என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது.

"ஒரு இருபதாப் போடுங்க மேடம்."

"பத்தொம்பதுதானுங்க."

இன்னும் எட்டு வாரம் எழுதினார். தீபாவளி போய்விடுமே என்றேன். இந்தப் பணம் வாங்குகிற வரைக்கும் உங்களைக் கடையை விட்டு நிறுத்த முடியாது, தாளை முதலாளியிடம் காட்டுங்கள் என்றார். அப்படியானால் நோயாளியாக இருப்பதுதான் என் வேலைக்குக் காவலா? கவுண்டர் என்று ஆரம்பித்தேன். எந்த கவுண்டர் என்பதெல்லாம் எங்கள் தாளில் வராது என்றார்.

ஜெயித்தேனா, தோற்றேனா என்று புரியாமல் பஸ் ஸ்டாப்பிலிருந்து முதலாளிக்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டு அவர் பேச ஆரம்பித்த குரல் எனக்குத் தெரிந்த சந்தைக் குரல்.

"தீபாவளி கவினுக்குத்தான். தை முகூர்த்தத்துக்கு வந்துருவியா?"

"வாரேனுங்க. கவுண்டருக்குப் பின்னால உக்கார ஸ்டூல் வேணும். ரெண்டு."

"ரெண்டெதுக்கு? ஒண்ணு போட்டுத் தாரேன்."

எனக்கு வேண்டியதும் ஒன்றுதான். வீட்டுக்குப் போகும் திருச்செங்கோடு பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் குனிந்து, இரண்டு செருப்பும் காலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.