ஆளுக்கு ஒரு சட்டி

அத்தானின் முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கிவிட்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

"லாரி ஓட்டலாம். ஆனா நல்ல ரோட்டுல மட்டும். இந்தக் குலுக்கல் தொடர்ந்தா ஒரு நாள் கால் இழுத்துக்கும். அப்புறம் கிளட்சை மிதிக்கிறது கனவுலதான்."

"நல்ல ரோடு எந்தக் கடையில கிடைக்கும்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துடுங்க டாக்டர்" என்றார் அத்தான். டாக்டர் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை.

எங்கள் பிழைப்பு ஜல்லி. கல்குவாரியிலிருந்து நெடுஞ்சாலை வரைக்கும் ஏழு கிலோமீட்டர். சுற்றுவட்டாரத்துச் சாலைகளுக்கெல்லாம் ஜல்லி இந்தச் சாலை வழியாகத்தான் போகிறது. இந்தச் சாலைக்கு மட்டும் ஒரு கூடை ஜல்லி போட எவனுக்கும் மனசு வந்ததில்லை. தார் இருந்த அடையாளம் ஓரங்களில் மட்டும் கருப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவெல்லாம் பள்ளம். சிறுபாலத்து வளைவில் இருந்த பள்ளத்தில் ஒரு எருமை படுத்தால் கொம்பு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பள்ளத்துக்காக எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் முதல் நடை போகும்போது ஒவ்வொரு டிரைவரும் வளைவில் நிறுத்தி, லோடு மேல் ஏறி, ஒரு இரும்புச் சட்டி ஜல்லி அள்ளிப் பள்ளத்தில் கொட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். எங்கேயும் எழுதி வைத்த சட்டமில்லை. போடாமல் போனவனுக்கு டீக்கடையில் பெஞ்சில் இடம் கிடைக்காது, அவ்வளவுதான். மதியத்துக்குள் டயர்கள் அதை வாரி இறைத்துவிடும். மறுநாள் மறுபடி ஆளுக்கு ஒரு சட்டி. கேபினுக்குப் பின்னால் கொக்கியில் சட்டி தொங்காத வண்டி எங்கள் சங்கத்தில் கிடையாது.

இந்த நிலைமையில்தான் அரசாங்கம் கேட்டது. டீசல் விலையில் நூற்றுக்கு நாலு கூடுதல் வரி. வருகிற பணம் முழுக்கச் சாலைக்கு. எந்தச் சாலை ரொம்ப மோசமோ அதற்கு முதலிடம். சம்மதமா என்று ஒவ்வொரு லாரி சங்கமும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பட்டறைக் கொட்டகையில் பன்னிரண்டு பேரும் கூடினோம். மொட்டைதான் முதலில் எழுந்தான். தலை நிறைய முடி இருந்தும் சின்ன வயதில் விழுந்த பேர் அவனை விடவில்லை.

"ஊத்துற டீசல்ல பாதி ஏற்கனவே வரி. அந்தப் பாதி எந்த ரோட்டுல படுத்துக் கிடக்குன்னு எனக்கு ஒருத்தர் காட்டட்டும். அப்புறம் இந்த நாலைப் பத்திப் பேசலாம்."

"நியாயம்தானே" என்று நாலைந்து பேர் சொன்னார்கள்.

அத்தான் இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு சுவரைப் பிடித்து எழுந்தார்.

"போன வருஷம் உன் வண்டிக்கு எத்தனை ஸ்பிரிங் பட்டை ஒடிஞ்சுது?"

"மூணு."

"டயரு?"

"அதை ஏண்ணே கேக்குற, வயித்தெரிச்சல்."

"அதெல்லாமும் வரிதான்டா. ரசீது குடுக்காத வரி. யாருக்குக் கட்டுறோம்னு கூடத் தெரியாம கட்டிக்கிட்டிருக்கோம். இதுக்காவது கேக்க ஒரு ஆபீஸ் இருக்கு."

"உன் முதுகுக்கு நாங்க டீசல் ஊத்தணுமாக்கும்."

"ஆமா. என் முதுகு இன்னிக்கு. உன் முதுகு என்ன இரும்புலயா செஞ்சிருக்கு?"

ஒரு மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மொட்டை கடைசியாகப் போட்டான். "ரோடு வரலைன்னா உன் வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்தி விடிய விடிய ஹாரன் அடிப்பேன், பாத்துக்க."

மற்ற சங்கங்களும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். வரி ஒன்றாம் தேதியே வந்துவிட்டது. அதில் ஒரு நாள் கூடத் தாமதமில்லை. சாலையைப் பார்க்க இன்ஜினியர் வர மேலும் இரண்டு மாதம் ஆனது. புதன்கிழமை காலை வருகிறேன், லோடு வண்டியில் உட்கார்ந்து ஏழு கிலோமீட்டரும் போக வேண்டும், குலுக்கலை அளக்கும் பெட்டி கொண்டு வருகிறேன் என்று கடிதம்.

அத்தான் ஓய்விலிருந்தார். அவர் வண்டியை நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கடிதத்தைப் படித்ததும், "நான் ஓட்டுறேன்" என்றார்.

அக்கா கையிலிருந்த கரண்டியை வைத்தாள். "டாக்டர் யாருக்குச் சொன்னாரு? எனக்கா?"

"உன் தம்பி ஓட்டினா பழக்கத்துல பள்ளத்தை ஒதுக்கிடுவான். எவன் ஓட்டினாலும் அப்படித்தான், கை தானா திரும்பிடும். நான் ஒண்ணு விடாம நேரா இறக்குவேன். பெட்டி அலறணும். ஒரு நாள் வலி, அப்புறம் காலத்துக்கும் நல்ல ரோடு."

"வலி உங்களுக்கு ஒரு நாள். ராத்திரி முழுக்க முனகலைக் கேக்கறவ நான்."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டீக்கடையில் மொட்டை விசாரித்தான். நாளைக்கு யார் ஓட்டுவது என்று. "அத்தான்தான்" என்றேன். "அந்த முதுகை வச்சிக்கிட்டா?" என்றான். "ஆமா" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. எனக்கு அவசரம், டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இன்ஜினியர் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். தயங்காமல் கேபினில் ஏறிப் பெட்டியை முன்பலகையில் பட்டை போட்டுக் கட்டினார். நான் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தேன். அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் பள்ளத்தை நோக்கி வண்டியை விட்டார்.

வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

இரண்டாவது பள்ளம். அதுவும் இல்லை. அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முன்கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். வழிநெடுகப் புது ஜல்லி, மேலே கிரஷர் தூள், தண்ணீர் தெளித்து லோடு வண்டியை முன்னும் பின்னும் ஓட்டி அழுத்தியிருந்தார்கள். சிறுபாலத்து வளைவில் மொட்டையும் இன்னும் ஐந்து பேரும் மண்வெட்டியோடு ஓரமாக நின்றார்கள். உடம்பெல்லாம் வெள்ளைத் தூசி. விடியற்காலை மூன்று மணிக்கே ஆரம்பித்திருக்க வேண்டும். மொட்டை அத்தானைப் பார்த்து, மெதுவாகப் போ, முதுகு பத்திரம் என்று கையால் சைகை காட்டினான். அவன் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"நல்லா பராமரிக்கிறீங்களே" என்றார் இன்ஜினியர்.

"அம்மா, இது இன்னிக்குக் காலையில கொட்டினது. நாளைக்கு மத்தியானம் வந்து பாருங்க, இதுல பாதி வயல்ல கிடக்கும்" என்றார் அத்தான்.

"நம்புறேங்க. ஆனா பெட்டி சொல்றதைத்தான் நான் எழுத முடியும்."

"ஒரு வாரம் கழிச்சு ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்."

"மொத்தம் நானூறு ரோடு, ஆள் ரெண்டே பேரு. அடுத்த சுற்று ரெண்டு வருஷம் கழிச்சுதான்." சொல்லும்போது அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் எழுதினார்.

பட்டியல் வந்தது. எங்கள் சாலைக்கு எதிரே, 'பயன்படுத்தத்தக்கது' என்று போட்டிருந்தது. அன்று சாயங்காலம் மொட்டை அத்தான் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். ஹாரன் அடிக்கவில்லை. உள்ளே வந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உனக்காகத்தாண்ணே போட்டோம்."

"தெரியும்டா."

"ரெண்டு திட்டாவது திட்டிடு."

"உக்காரு" என்றார் அத்தான். அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். யாரும் குடிக்கவில்லை.

மறுநாள் கொட்டகையில் அத்தானே பேசினார். இனி எவனும் சட்டி போடக் கூடாது. இரண்டு வருடத்தில் ரோடு கிழிந்து தொங்க வேண்டும், அடுத்த தடவை பெட்டி உடைந்து விழ வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். "அப்ப நீ எப்படிண்ணே ஓட்டுவ?" என்று மொட்டை கேட்டான். அத்தான் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

இப்போது அவர் நெடுஞ்சாலை பங்க்கில் டீசல் போடுகிறார். குலுக்கல் இல்லாத வேலை. நாங்கள் எல்லோரும் அவர் கையால்தான் அந்த நூற்றுக்கு நாலைக் கட்டுகிறோம்.

போன வாரம் டேங்கை நிரப்பப் போயிருந்தேன். குழாயை மாட்டிவிட்டு, ஓடுகிற எண்களைப் பார்த்தபடியே கேட்டார்.

"வளைவு எப்படி இருக்கு?"

"இடுப்பளவு."

"எவனாவது சட்டி போடுறானா?"

"இல்ல அத்தான்."

எண் நின்றது. குழாயைத் தொங்கவிட்டார். மெதுவாக, ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, கேபினுக்குப் பின்னால் போனார். கொக்கியில் தொங்கிய சட்டிக்குள் விரலை விட்டுத் தேய்த்தார். விரல் வெள்ளையாக வந்தது. காலையில் நான் பள்ளத்தில் கொட்டிய ஜல்லியின் தூள்.

சட்டியைக் கழற்றி எடுத்துப் போய், பம்புக்குப் பின்னால் கவிழ்த்து வைத்தார். அங்கே ஏற்கனவே மூன்று சட்டிகள் கவிழ்ந்து கிடந்தன.

"ரெண்டு வருஷம் கழிச்சு வந்து வாங்கிக்க" என்றார். "வண்டிய எடு. பின்னாடி ஆள் நிக்குது."