எண்ணூறு ரூபாய் ஃபேன்

ஹேமாவதி டீச்சருக்குக் கோபம் வந்தால் வகுப்பில் பிள்ளைகள் மூச்சுக்கூட விடமாட்டார்கள். ஃபேன் கடை சக்திவேல் அவரிடம் படித்தவர் இல்லை.

“டேபிள் ஃபேன் எண்ணூறு ரூபாய்னு காலையில பொழிச்சலூர் பூரா ஆட்டோவுல மைக் கட்டிக் கத்தினீங்களே சார்! இங்க வந்தா ஆயிரத்து இருநூறுங்கறீங்க?”

“யாரோ எதையோ கத்திகினு போனா அதுக்கு நான் இன்னா பண்றது மேடம்?”

“விளம்பரம் பண்ண விலைக்குத் தரலைன்னா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன்.”

“தாராளமா போங்க. நோட்டீஸ் அடிச்சனா? பேப்பர்ல போட்டனா? சாட்சி எதுனா கீதா?” சக்திவேல் காலை ஆட்டிக்கொண்டே சிரித்தார்.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஆனாலும் வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், கடை நடுவில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து விளம்பர ஆட்டோ கடை வாசலில் வந்து நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார், மைக்கை அணைக்கவில்லை. அறிவிப்பாளருக்குக் காசு கொடுக்க மனம் வராமல், சக்திவேல் தானே தொண்டையைக் கனைத்துப் பேசிப் பதிவு செய்திருந்த குரல் தெருவே அதிர முழங்கியது.

“டேபிள் ஃபேன் எண்ணூறே ரூபா! உங்க சக்திவேல் சொல்றேன், நம்பி வாங்க! சொன்ன வெலைக்கு மேல ஒத்த ரூபா வாங்க மாட்டேன்!”

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

டீச்சர் எழுந்து பர்ஸைத் திறந்தார். “வெளியில பேசறாரே, அவரு நல்ல மனுஷனா தெரியறாரு. உள்ள வந்து பில் போடச் சொல்லுங்க சார்.”