பிளேபுக்கோடு வரச் சொன்ன காலை

"முப்பத்தாறு வயசு அவனுக்கு! அந்தத் தோளைக் கேட்டுப் பாரு, அதுவே ரிட்டயர்மென்ட் கேக்கும்!"

"கேளுங்க டக்கெட். சின்னப் பையனை எடுத்துட்டு வந்து, முன்னாடி காவலுக்கு ஆளில்லாம நிறுத்தினா, அக்டோபர்ல ஸ்ட்ரெச்சர்ல போவான். எனக்கு மொதல்ல இடது பக்கம் நிக்க ஒரு மலைமாடு வேணும்."

"மாடு ரெண்டாம் சுத்துலயும் கிடைக்கும். குவார்ட்டர்பேக் கிடைக்க மாட்டான்."

"இத்தனை வருஷமா நீங்க ரெண்டாம் சுத்து மாடாத்தானே வாங்கினீங்க? அதான் ரோலி பாதி ஆட்டம் மல்லாக்கப் படுத்திருக்கான்!"

நான் கதவுக்கு இந்தப் பக்கம் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை. டொலீடோ கிளாஸ்மென் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் பத்தொன்பது வருடம், ஓய்வு பெறும்வரை, ஆட்டக்காரர்களின் உடுப்பும் சாமானும் என் பொறுப்பு. சலவை அறைக்கும் நடைக்கும் நடுவில் ஒரு தகரக் கதவுதான். டக்கெட் அணியின் மேலாளர். யாரை எடுப்பது, யாரை அனுப்புவது என்று கையெழுத்துப் போடுபவர். மற்றவர் மலோய், ஜனவரியில் ஒரு கல்லூரி அணியிலிருந்து எங்களுக்கு வந்த தலைமைக் கோச்.

டிராஃப்டுக்கு ஒன்பது நாள் இருந்தது. கல்லூரிப் பையன்களை அணிகள் வரிசை முறையில் எடுக்கும்போது, அந்த வருடம் எங்கள் முறை ஒன்பதாவது. அயோவாவிலிருந்து எமெட் என்ற குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன், மறுநாள் எங்களைப் பார்க்க வருவதாக இருந்தது. டக்கெட்டுக்கு அவன்மேல் கண். மலோய் கேட்ட 'மாடு', எறிபவனைக் காக்க முன்னால் நிற்கும் தடியன்.

அதற்குள் உலர்த்தும் இயந்திரம் கத்தத் தொடங்கிவிட்டது. ஓடிப்போய் நிறுத்திவிட்டு வந்தபோது சண்டை முடியும் தறுவாயில் இருந்தது.

"சரி, அப்ப அவன்கிட்ட யாரு சொல்றது? நீயே சொல்லிக்கோ."

"நான் சொல்றேன். இன்னிக்கே."

 ரோலண்ட் ப்ரூவர், எங்கள் ரோலி, பதிமூன்று வருடமாக எங்கள் குவார்ட்டர்பேக். முன்னணி அணிகள் மட்டும் கடைசியில் மோதும் பிளேஆஃபில் ஒரே ஒரு ஆட்டம், அதுவும் சொந்த ஊரில், இந்த ஜனங்களுக்கு முன்னால் ஆடிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. போன வருடம் கடைசி ஆட்டத்தில் ஒரே புள்ளியில் அது கை நழுவியது. அன்று அவன் என் சலவை மேசைமேல் உட்கார்ந்து, "இன்னும் ஒரே ஒரு வருஷம் சோப்பு, அவ்ளோதான் கேக்கறேன்" என்றான். எல்லோருக்கும் நான் சோப்புதான். வால்ட்டர் என்ற பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

பத்து நிமிடத்தில் அறைத் தொலைபேசி அடித்தது. மலோய்.

"ரோலி அங்க இருக்கானா? மேல அனுப்பு. பிளேபுக்கையும் எடுத்துட்டு வரச் சொல்லு."

கேட்டதும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் தொழிலில் ஒருவனை நீக்கும்போது "உன்னை நீக்கியாச்சு" என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. "கோச் பாக்கணுமாம், பிளேபுக்கோட வா" என்பார்கள். அணியின் ஆட்டத் திட்டம் எல்லாம் அதில்தான் இருக்கும், வெளியே போகிறவன் அதைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இப்போது எல்லோருக்கும் அது கையடக்கக் கணினியில் வந்துவிட்டது. ரோலி மட்டும் தடிமனான பழைய கோப்பில், ஓரமெல்லாம் பென்சிலால் கிறுக்கி வைத்திருந்தான். ஆள் மாறினாலும் கருவி மாறினாலும் அந்த வாக்கியம் மாறவில்லை. என் காலத்தில் அதை நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவன்கூட அதன்பின் திரும்பி வந்ததில்லை.

ரோலி சிகிச்சை மேசையில் தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு படுத்திருந்தான்.

"என்ன சோப்பு, நாய் செத்த மாதிரி மூஞ்சி?"

"கோச் உன்னை மேல கூப்பிடறாரு."

"வரேன்னு சொல்லு. இன்னும் அஞ்சு நிமிஷம் ஐஸ் இருக்கு."

"பிளேபுக்கோட வரணுமாம்."

அவன் எழுந்து உட்கார்ந்தான். ஐஸ் பை தரையில் விழுந்தது.  பிறகு மெதுவாக, "நாளைக்கு அந்த அயோவாப் பையன் வரானே, அவன்கிட்ட கேள்வி கேக்க என் குறிப்பு வேணுமோ என்னவோ. மனுஷன் காலேஜ்லேர்ந்து வந்தவரு..." என்றான்.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

"இல்ல ரோலி. டக்கெட்டும் அவரும் பேசினதை நானே கேட்டேன். இன்னிக்கே சொல்லிடறேன்னாரு."

"நீ கேட்டியா?"

"என் காதால கேட்டேன்."

 அவன் கேட்காமலேயே நான் பெரிய பையை எடுத்து வந்தேன். காலணி, கையுறை, அவன் மகள் வரைந்த படம் எல்லாவற்றையும் போட்டோம். அலமாரிக்கு மேலிருந்த பெயர்ப்பட்டையை நான்தான் உரித்தேன்.

"பாத்துடா, கிழிச்சுடாதே. என் பொண்டாட்டி குளிர்பெட்டில ஒட்டணும்பா" என்றான். சிரித்தோம். எனக்குச் சிரிப்பு சரியாக வரவில்லை.

கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியேறினான். முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தான். கையில் கோப்பு இல்லை. நேராக வந்து சலவை மேசைமேல் உட்கார்ந்தான்.

"சோப்பு, என்னை யாரும் டீம்லேர்ந்து வெட்டலை."

"என்னது?"

"மலைமாடு எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டாங்களாம். இந்த வருஷமும் நான்தானாம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்காரு. கூடவே என் குறிப்பையும் கேட்டிருக்காரு. காலேஜ்ல யாரையும் வெட்ட மாட்டாங்களே, அந்த வாக்கியத்துக்கு அர்த்தமே மனுஷனுக்குத் தெரியாது."

"அட கடவுளே! அப்ப நல்லதுதானே?"

"அவரு வாயைத் திறக்கறதுக்குள்ள நான் பேசிட்டேன்."

மேலே டக்கெட்டும் உட்கார்ந்திருந்தாராம். உள்ளே போனதும், "கோச், நீங்க கஷ்டப்படாதீங்க, நானே ஆரம்பிக்கறேன்" என்று தொடங்கியிருக்கிறான். போகிறவன்தானே, மறைத்து என்ன ஆகப்போகிறது என்று மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டான். நவம்பரிலிருந்து தோள் சரியில்லை. நாற்பது கஜத்துக்கு மேல் எறிந்தால் கை மரத்துப்போகிறது. மருத்துவரிடம் சொல்லவில்லை. அந்த ஒரு புள்ளியில் தோற்ற ஆட்டத்தில் கடைசிப் பந்து தூரம் எட்டாமல் விழுந்ததற்குக் காற்று காரணமில்லை. எமெட்டின் ஆட்டங்களை வீட்டில் போட்டுப் பார்த்திருக்கிறான், பையனை விட்டுவிடாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறான்.

"டக்கெட் என்ன சொன்னாரு?"

"பேனாவை மூடி வச்சாரு. மலோய்க்கு மூஞ்சி வெளுத்துடுச்சு. 'ரோலி, நான் உன்னை எதுக்குக் கூப்பிட்டேன்னா...'ன்னு இழுத்தாரு பாரு, அப்பதான் எனக்கு உறைச்சது." அவன் மேசையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, கோணலாக மடித்து வைத்தான். "சொன்னதைத் திரும்ப வாங்க முடியுமா?"

"என்னாலதான் ரோலி."

"நீ என்ன பண்ணே? அவரு சொன்னதைச் சொன்னே" என்றான். நான் கேட்டதாகச் சொன்னதைப் பற்றி அவன் எதுவும் பேசவில்லை.

அன்று மதியமே மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். தோளுக்குள் தசைநார் கிழிந்திருந்தது. ஒன்பதாவது இடத்தில் எமெட்டை எடுத்தார்கள். இரண்டாம் சுற்றில் வழக்கம்போல ஒரு நடுத்தர மாடு. மே மாதம் முதல் திங்கட்கிழமை ரோலியை விடுவித்தார்கள். இந்த முறை மலோய் அவன் வீட்டுக்கே போய், சமையலறையில் உட்கார்ந்து, நேராகச் சொன்னாராம்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. எமெட் எப்படி ஆடுகிறான் என்று உங்களுக்கே தெரியும். போன ஜனவரியில் எங்கள் மைதானத்தில் பிளேஆஃப் ஆட்டம் நடந்தபோது ரோலி என் பக்கத்து இருக்கையில், பனிக்குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் எமெட் அறுபது கஜம் எறிந்தான். எல்லோரும் எழுந்து கத்தினார்கள். ரோலியும் எழுந்தான், கைதட்டினான், உட்கார்ந்தான். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "என் இடம் போகலைன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கு வாயே திறந்திருக்க மாட்டேன் சோப்பு" என்றான்.

அது நன்றியா, வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் துணிவில்லை. அந்தத் தோளோடு அவன் ஆடியிருந்தால் செப்டம்பரிலேயே கை போயிருக்கும் என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் ஆடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவன் அவன். பாதி காதில் விழுந்ததை முழுசாகக் கேட்டதுபோல் சொல்லி, நான் அதை அவன் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

அந்த டிராஃப்டுக்காக இந்த ரசிகர் பக்கத்தில் எல்லோரும் டக்கெட்டைப் புகழ்ந்து எழுதுகிறீர்கள். எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் கேட்பது வேறு. இயந்திரம் கத்தியதில் அன்று பாதிப் பேச்சுதான் கேட்டேன் என்று ரோலியிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. இப்போது போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்பது அவனுக்கு நல்லதா, அல்லது என் மனப் பாரத்தை இறக்க அவனைத் தொந்தரவு செய்வதா? வரும் சனிக்கிழமை அவனும் நானும் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போகிறோம். அதற்குள் உங்கள் எண்ணத்தைக் கீழே எழுதுங்கள்.